எண்ணெய் அல்லாத எண்ணெய்

சண்டிலிப்பாயிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எமக்கு நீண்ட கடிதமொன்று விடுத்துள்ளார். அவர்கள் வீட்டில் பழைய லாண்ட் றோவர் வண்டியொன்று நிற்கின்றதாம்; தந்தையார் ஏலத்தில் எடுத்தது. வாரத்தில் மூன்று நாள் வெங்காயமும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போகும். மழை நாட்களில் அயலிலுள்ள பிள்ளைகளையும் ஏற்றிப் பள்ளிக்கூட வாயிலில் இறக்கிவிடும். இப்போது பிறேக் மிதி முதல் மிதியில் அடிவரை இறங்குகின்றது. இரண்டு மூன்று முறை மிதித்த பின்னரே வண்டி நிற்கின்றது. பிறேக் ஒயில் பத்து நாளைக்கொருமுறை குறைந்து போகின்றது. "சித்தப்பா உழவு இயந்திரத்துக்கு வாங்கிய ஹைட்றோலிக் ஒயில் ஒரு கலன் வீட்டில் இருக்கின்றது. பிறேக்கும் ஹைட்றோலிக்தானே, அதை விட்டாற் போதும் என்கிறார். விடலாமா?" என்பது கடிதத்தின் கடைசி வரி.

விடவேண்டாம். இந்த ஒரு சொல் விடையைத் தனியஞ்சலில் உடனே அனுப்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக்கூடிய கேள்வியன்று அது. ஆயினும் இதே கேள்வி இன்னும் பல வீட்டு முற்றங்களில் எழுந்துகொண்டிருக்கும் என்பதால், இவ்வாரம் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகின்றோம்.

எமது மக்கள் எதனையும் சமாளிக்கக் கற்றவர்கள். 1990ஆம் ஆண்டில் குடாநாட்டுக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டபோது, கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார்கள். புகை கக்கிக்கொண்டேனும் வண்டி ஓடியது. அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் அக்காலத்தையுந் தாண்டி வந்தது எமது பட்டறைக்காரரின் கைவண்ணத்தினாலேயே. அந்தத் திறமையை எத்துணை மெச்சினாலும் தகும். ஆனால் அதிலிருந்து தவறான பாடமொன்றும் பலர் மனத்திற் பதிந்துவிட்டது. எண்ணெய்க்கு எண்ணெய், எது கிடைக்கின்றதோ அதை விடு என்பதே அது. இயந்திரம் பொறுமைசாலி. ஒவ்வாததைக் குடித்தால் இருமும், திணறும், முடிவில் நின்றுவிடும். நின்ற வண்டியால் எவருக்கும் காயமில்லை. பிறேக்கின் சங்கதி இதற்கு நேர்மாறு. அது கெட்டால் வண்டி நில்லாது.

பிறேக் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை முதலிற் பார்ப்போம். அடைபட்ட திரவமொன்றின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் அத்திரவம் முழுவதும் குறையாமற் பரவும் என்ற பாசுக்கலின் விதியை மாணவர்கள் படித்திருப்பார்கள். பாசுக்கல் 1662இல் இறந்தார். அவருடைய நூல் மறுவருடமே அச்சேறியது. அந்த விதியை மோட்டார் வண்டியின் சில்லுக்குக் கொண்டுவர இரண்டரை நூற்றாண்டு சென்றது. அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட் 1917இல் அதற்கு உரிமை பெற்றார். ஆகாய விமானங்களால் பெயர்பெற்ற லொக்ஹீட் குடும்பத்தவரே அவர். நான்கு சில்லுக்கும் திரவப் பிறேக் பூட்டிய முதல் கார் 1921இல் விற்பனைக்கு வந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. காலால் 20 கிலோகிராம் நிறையளவு அழுத்துகின்றீர்கள். மிதி ஐந்து மடங்கு பெருக்கும் நெம்புகோல் எனின், மாஸ்ரர் சிலிண்டரின் முசலத்தில் 100 கிலோ. அம்முசலத்தின் முகம் 5 சதுர சென்ரிமீற்றர் எனின், திரவத்தின் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 20 கிலோ. சில்லிலுள்ள சிறு சிலிண்டரின் முசலம் 8 சதுர சென்ரிமீற்றராயின், அது பிறேக் சூவை 160 கிலோ பலத்துடன் ட்றம்மின் உட்சுவரோடு நெருக்குகின்றது. நான்கு சில்லிலும் இதுவே நடக்கின்றது. மெல்லிய குழாயினுள் இருக்கும் சிறிதளவு திரவம், கால் நோகாமல் இத்தனை பலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. அமுக்கம் எல்லாப் பக்கமும் பரவும் எனின், ஓரிடத்தில் ஓட்டையானால் எல்லாப் பக்கமும் அற்றுப்போகும். 1948 ஏப்பிரில் மாதம் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட லாண்ட் றோவரிலும், அதன்பின் இருபது முப்பது வருடம் வந்த அதன் வழித்தோன்றல்களிற் பெரும்பாலானவற்றிலும் நான்கு சில்லுக்கும் ஒரே திரவ வழிதான். பழைய ஜீப்பும் அப்படியே. பின் இடது சில்லில் ஓர் இறப்பர் வாசர் கிழிந்தால் முன் வலது சில்லும் பிடிக்காது. இந்த அபாயத்தை நினைத்தே அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு தொடக்கம் புதிய கார்களுக்கு இரட்டை வழியைச் சட்டமாக்கினார்கள். பழைய லாண்ட் றோவர் வைத்திருப்போருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மிதி தரையைத் தொட்டால் மிஞ்சுவது கைப்பிறேக் ஒன்றுதான்.

இனி எண்ணெய்க்கு வருவோம். பிறேக் ஒயில் என்ற பெயரே பாதிக் குற்றவாளி. ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெயையும் மதுசாரத்தையும் கலந்து விட்டார்கள். அப்போது அப்பெயர் ஓரளவு பொருந்தியது. இன்று போத்தலில் வருவது கிளைக்கோல் வகையைச் சேர்ந்த இரசாயனத் திரவம். அது எண்ணெயே அன்று. அதனைத் தண்ணீரில் விட்டாற் கரைந்துவிடும். உழவு இயந்திரத்துக்கு விடும் ஹைட்றோலிக் ஒயிலோ, இயந்திர ஒயிலும் மண்ணெண்ணெயும் பிறந்த அதே கனிய எண்ணெயிலிருந்து வருவது. பிறேக்கினுள் இருக்கும் வாசர்களுக்குக் கனிய எண்ணெய் ஆகாது. அந்த இறப்பர் அதனை உறிஞ்சி ஊதிப் பெருக்கும்.

ஊதினால் என்ன, ஓட்டை நன்றாக அடைபடுமே என்று கேட்கலாம். உண்மையில் முதற் சில நாட்கள் அப்படித்தான் தோன்றும். ஒழுக்கு நின்றுவிடும், வீட்டிலும் மகிழ்ச்சி. அதன்பின்னரே வினை தொடங்கும். மாஸ்ரர் சிலிண்டரினுள் திரவம் தாங்கிக்குத் திரும்புவதற்கு ஊசித் துவாரம் போன்ற சிறு வழியொன்று உண்டு. ஊதிய வாசர் அதனை மூடிவிடும். காலை எடுத்த பின்னும் அமுக்கம் இறங்காது, சில்லுகள் பிடித்தபடியே ஓடும், ட்றம் கொதிக்கும். இன்னுஞ் சில வாரத்தில் இறப்பர் களிபோல இளகிப் பிய்ந்துபோகும். அன்று மிதி இறங்கினால் ஏறாது. இத்தகைய வண்டியில் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய திரவம் விட்டால் மட்டும் தீராது. உள்ளேயுள்ள இறப்பர் யாவும், சில்லுக்குப் போகும் வளைகுழாய்கள் உட்பட, மாற்றப்பட வேண்டும். ஒரு கலன் எண்ணெயை வீணாக்கக்கூடாது என்ற சிக்கனம் எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்று பாருங்கள்.

ஐயமுள்ள மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடுப்புக்கு எட்டத்தில், பெரியவர் ஒருவர் அருகிருக்கச் செய்க. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதிற் புதிய பிறேக் திரவமும் சிறிது விட்டு, ஒரே கட்டிலிருந்து எடுத்த இறப்பர் வளையத்தை ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றாகப் போட்டு மூடிவையுங்கள். மறுநாட் காலையில் இரண்டையும் எடுத்து அருகருகே வைத்து நீளம் பாருங்கள். சித்தப்பாவையும் கூப்பிட்டுக் காட்டலாம்.

வண்டியின் தாங்கியில் ஏற்கெனவே யாரேனும் வேறெதனையும் விட்டிருக்கின்றார்களோ என்று அறியவும் எளிய வழியுண்டு. தாங்கியிலுள்ள திரவத்தின் மேற்பரப்பிலிருந்து சில துளியை உறிஞ்சி எடுத்து ஒரு குவளை நீரில் விடுங்கள். கலந்து மறைந்தால் நன்று. எண்ணெய்ப் பொட்டுகள் மேலே மிதந்தால், அந்த வண்டியைச் சந்தைக்கு அனுப்பவேண்டாம். (ஊதா நிறமான சிலிக்கோன் திரவமும் மிதக்கும், அது எமது ஊரில் அரிது. அதனை மற்றவற்றோடு கலத்தலும் கூடாது.)

இங்கே பட்டறைப் பழக்கம் ஒன்றையும் கண்டித்தேயாக வேண்டும். எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெயிற் போட்டுக் கழுவுவது எமது வழக்கம். இயந்திரப் பாகங்களுக்கு அது சரி. பிறேக் சிலிண்டரையும் வாசரையும் மண்ணெண்ணெயிற் கழுவிப் பூட்டினால், மேலே சொன்ன தீங்கை நாமே சிறுகச் செய்கின்றோம். மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் அல்லது புதிய பிறேக் திரவத்திலேயே கழுவுக. பூட்டும்போது வழுக்குவதற்காகச் சாதாரணக் கிறீஸ் பூசுவதும் இதே குற்றம்.

கடிதத்திற் கண்ட குறிகளைக்கொண்டு நோய் என்னவென்று பார்ப்போம். இரண்டு மூன்று முறை மிதித்தபின் பிடிக்கின்றது என்பது, சூவுக்கும் ட்றம்முக்கும் இடைவெளி மிகுந்துவிட்டதைக் காட்டுகின்றது, லைனிங் தேய்ந்திருக்கும். திரவம் குறைகின்றது என்பது வேறு நோய், எங்கோ ஒழுகுகின்றது. மிதி பஞ்சுபோல அமுங்குமாயின் குழாயிற் காற்றுண்டு. வெளியே ஒரு துளியும் ஒழுகாதிருக்க, காலை வைத்தபடி இருக்கும்போது மிதி மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்ரர் சிலிண்டரின் வாசர் தோற்றுவிட்டது.

வேலைக்கு இறங்குமுன் ஒரு முக்கிய எச்சரிக்கை. மற்றக் கார்களில் கைப்பிறேக் பின் இரண்டு சில்லையும் பிடிக்கும். லாண்ட் றோவரில் அப்படியன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், பின்னச்சுக்குப் போகும் நீண்ட தண்டைப் பிடிப்பது அது. பின் சில்லொன்றை ஜக்குப் போட்டுத் தூக்கினால், பின்னச்சின் நடுவேயுள்ள பற்சில்லுத் தொகுதி காரணமாக, தூக்கிய சில்லு ஒரு பக்கம் சுற்ற, நிலத்திலுள்ள சில்லு மறுபக்கம் உருளும். கைப்பிறேக்கை எவ்வளவு இழுத்திருந்தாலும் வண்டி நகர்ந்து ஜக்கிலிருந்து விழும். கீழே படுத்திருப்பவர் கதி என்னாகும்? ஆகையாற் சமதரையில் நிறுத்தி, நிலத்திலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கனத்த பனங்குற்றிகளை நெருக்கிவைத்து, ஜக்கை மட்டும் நம்பாமல் அச்சின் கீழும் உறுதியான மரக்குற்றியொன்று கொடுத்த பின்னரே சில்லைக் கழற்றுக. உடையக்கூடிய சீமெந்துக் கல் இதற்கு உதவாது.

சில்லைக் கழற்றினால் ட்றம்மை மூன்று திருகாணிகள் பிடித்திருக்கும். அவற்றை எடுத்து ட்றம்மை இழுத்தால் உள்ளே கறுத்த தூள் நிறைந்திருக்கும். அதனை வாயால் ஊதவோ, காற்றுப் பம்பினால் அடிக்கவோ, துடைப்பத்தாற் கூட்டவோ வேண்டாம். பழைய லைனிங்குகள் கல்நார் கலந்து செய்யப்பட்டவை. அத்தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு, அதன் பலன் பல வருடஞ் சென்றே தெரியும். நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையிலிட்டுக் கட்டிவிடுக. வேடிக்கை பார்க்கும் சிறு பிள்ளைகளை அந்த நேரம் வீட்டுக்குள்ளே அனுப்பிவிடுவது நலம். பின்னர் கூப்பிடலாம், அவர்களுக்கும் ஒரு வேலை இருக்கின்றது.

உள்ளே ஈரமாக இருந்தால் அது என்ன ஈரம் என்று பார்க்கவேண்டும். விரலில் தொட்டுத் தண்ணீரிற் கழுவினாற் போவது பிறேக் திரவம். சிறு சிலிண்டரின் வாசர் போய்விட்டது. வழுவழுப்பாக ஒட்டி, கந்தக நாற்றம் வீசுவது அச்சிலிருந்து வரும் கியர் ஒயில். அதற்கு அச்சின் ஒயில் சீல் மாற்றவேண்டும். எண்ணெய் ஊறிய லைனிங்கை வெயிலில் வைத்தும் நெருப்பிற் காட்டியும் மீண்டும் பூட்டுவோரைக் கண்டிருக்கின்றோம். அது முழுதும் வெளியேறுவதில்லை. அடுத்த வெப்பத்தில் மறுபடி கசியும். ஒரு பக்கச் சில்லு பிடிக்க மறு பக்கம் வழுக்கினால் வண்டி வேலியை நோக்கித் திரும்பும். லைனிங்கை இரண்டு பக்கமும் ஒருங்கே மாற்றுவதே முறை.

சிறு சிலிண்டரைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். உட்சுவர் கண்ணாடிபோல இருந்தால் புதிய வாசர் மட்டும் போதும். அதன் உதடு திரவம் இருக்கும் பக்கம் நோக்கியிருக்கவேண்டும். துருவின் குழிகள் இருந்தால், எத்தனை வாசர் மாற்றினும் ஒரு மாதத்திற் கிழியும், சிலிண்டரையே மாற்றுக. கடற்காற்று வீசும் எமது நாட்டில் இரும்புக் குழாய்களும் பிடிகொளுவிகளின் கீழே இரகசியமாகத் துருவேறும். வெடித்த குழாயை ஈயம் பற்றவைத்தோ, இறப்பர்க் குழாய் செருகிக் கம்பியாற் கட்டியோ ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும். குழாய் மாற்றுதல், ட்றம் கடைதல், சூவுக்கு லைனிங் ஒட்டுதல் ஆகிய மூன்றும் கராச்சுக்குரிய வேலைகள். அவற்றை வீட்டில் செய்ய முயலவேண்டாம்.

எல்லாம் பூட்டியபின் பின்தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சரிசெய் ஆணியைச் சில்லு இறுகும்வரை திருகி, பின் சில்லு சுயாதீனமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துக. நீளமான 109 அங்குல வண்டியில் முன் சில்லுக்கு இரண்டு ஆணிகள் இருக்கும்.

அடுத்தது காற்றெடுத்தல். இதற்கு இருவர் வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னது இதற்காகத்தான். ஒருவர் மிதியில்; மற்றவர் சில்லருகில். மாஸ்ரர் சிலிண்டருக்கு அதிக தூரத்திலுள்ள பின் இடது சில்லில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வருக. காற்றுவாய் ஆணியில் ஒரு சிறு குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது திரவமுள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்துங்கள். "மிதி" என்றதும் மிதிக்க, ஆணியைத் திறக்கக் குமிழிகள் வரும். ஆணியை மூடிய பின்னரே "விடு" என்று சொல்லவேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் வெளியேற்றிய காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை செய்க. இடையில் தாங்கியைப் பார்த்துப் பார்த்து நிரப்பவேண்டும். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதே. போத்தலில் விழுந்ததை மறுபடி தாங்கியில் விடவேண்டாம். திரவம் வண்டியின் வர்ணத்தில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுக. வர்ணத்தை அது தின்றுவிடும்.

வேலை முடிந்ததும், படலையைத் திறக்குமுன், மிதியைப் பலமாக அழுத்தி ஒரு முழு நிமிடம் வைத்திருங்கள். இறங்கக்கூடாது. பின் நான்கு சில்லையும் குனிந்து பார்த்துவிட்டு, ஒழுங்கையில் நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். அதன்பின்னரே மானிப்பாய் வீதியில் ஏறலாம். வேகம் இருமடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டி, சாரதி ஆட்டைக் கண்டு காலைத் தூக்கி வைக்கும் ஒரு விநாடிக்குள்ளேயே ஏறத்தாழ 17 மீற்றர் சென்றுவிடும்.

குடாநாட்டில் மலையில்லாதது ஒரு வசதி. அதுவே ஒரு மயக்கமும் ஆகின்றது. சண்டிலிப்பாய்க்கும் சுன்னாகத்துக்குமிடையே ஐந்து வருடம் குறையில்லாது ஓடிய பிறேக், குடும்பத்தோடு 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா சென்று றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது கைவிடலாம். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்று போத்தலிற் குறித்த திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 பாகை சதத்துக்குக் குறையாது. நூற்றில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவான நீர் சேர்ந்ததும் அது 140 பாகை வரை தாழ்ந்துவிடலாம். டொட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் 230, 155. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் ட்றம்மின் வெப்பம் சிலிண்டருக்கேறித் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி நசுங்குமேயன்றி அமுக்கத்தைக் கடத்தாது. மிதி தரைக்குப் போகும். ஆகையால் ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கொருமுறை திரவம் முழுவதையும் மாற்றுக. வாங்கிய போத்தலைத் திறந்தபின் மாதக்கணக்கில் வைத்திருந்து பாவிக்கவேண்டாம். இறக்கங்களிற் கீழ்க் கியரில் வருக. மாரியில் வழுக்கையாறு பெருகித் தெருவில் நிற்கும் வெள்ளத்தைக் கடந்தபின், மெல்ல ஓட்டியபடி மிதியைச் சிறிது அழுத்தி ட்றம்களை உலர்த்திக்கொள்வதும் நன்று.

வடித்தெடுத்த பழைய திரவத்தை என்ன செய்வது என்று மாணவர் கேட்கவில்லை. ஆயினும் சொல்லவேண்டியிருக்கின்றது. வேலியோரத்தில் ஊற்றவேண்டாம். எமது நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போகக்கூடியது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்ப்பானதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூடியுள்ள போத்தலில் விட்டு, பெயர் எழுதி ஒட்டி, பழைய ஒயில் சேர்க்கும் கராச்சிற் கொடுத்துவிடுங்கள். அது நஞ்சு, சோடாப் போத்தலில் மட்டும் விட்டுவைக்கவேண்டாம்.